ஏறும் வேகம்

ஸ்ஃபாக்ஸ் என்ற அரபுத் துறைமுக ஊரில் வீடு எங்கே என்று கேட்டால் ஒரு சாலையின் பேரையும் ஓர் எண்ணையும் சொல்வார்கள். ரவ்தாவின் வீடு கிரெம்தா சாலை, ஐந்தாவது கிலோமீட்டர். உயர்நிலைப் பள்ளியில் பதினைந்து வருஷமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறவள் அவள். எதையும் அளந்து பார்த்துவிட்டால் அதை நம்பலாம் என்பது அவள் சுபாவத்தில் ஊறிப்போன எண்ணம். இரண்டே வருஷம் நீடித்த கல்யாணத்தைத் தவிர அவள் போட்ட கணக்கு எதுவும் பெரிதாகத் தவறியதில்லை.

வீட்டில் இரண்டு பேர்தான். அவளும் அவள் அம்மா மொன்ஜியாவும். அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது.

மொன்ஜியாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவளைவிட மூன்று வயது மூத்த ஸொஹ்ராவுக்கும் அப்படியே. ரொட்டி சுடுகிறவர் வீட்டில் ஆறு பிள்ளைகளில் கடைசி இருவர் அவர்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. யாரும் கற்றுக்கொடுக்காததால் இரண்டு சிறுமிகளும் தங்களுக்கென்று ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். இரண்டு உள்ளங்கையாலும் மாவு தட்டுவதுபோலக் காட்டினால் அப்பா. கன்னத்தில் கையை வைத்துத் திருப்பினால் நாளை. வெட்கத்துக்கு ஒன்று, பொறாமைக்கு ஒன்று, வாய் ஓயாத அத்தைக்கு ஒன்று என்று அது வளர்ந்துகொண்டே போனது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்குச் சோறு, தண்ணீர், வா, போ அளவுக்குத்தான் அது புரிந்தது. ரவ்தாவுக்குப் பாதிதான் தெரியும். மகளிடம் மொன்ஜியா குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிதானமாகப் பேசுவாள். அக்காவிடம் பேசும்போது அவள் கைகள் பறக்கும். ரவ்தா சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். எதற்கோ இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் அம்மா சொல்லமாட்டாள்.

ஸொஹ்ரா இருபத்திரண்டு வயதில் ஃபிரான்சில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு சேன்ட் எத்தியென் நகருக்குப் போனாள். அவருக்கும் காது கேட்காது. கோடைக்குக் கோடை கப்பலில் வருவாள். பிள்ளைகள் இல்லை. புருஷன் போன பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். கைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம் என்று வந்த நாளிலிருந்து தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அக்காவும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் வீட்டு வாசலில் யார் வந்து அழைப்பு விளக்கை எரியவிட்டாலும் மொன்ஜியா எழுந்திருக்கமாட்டாள்.

போன நவம்பர் டிசம்பர் வாக்கில் ஸொஹ்ராவின் நுரையீரலில் கட்டி என்று செய்தி வந்தது. சொன்னது செல்மா. ஸொஹ்ராவின் கட்டடத்திலேயே கீழ்த்தளத்தில் குடியிருப்பவள், அவளுக்கும் ஸ்ஃபாக்ஸ்தான் பூர்வீகம். பெரியம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதும் சூப் வைத்துக்கொடுப்பதும் அவள்தான். மொன்ஜியா விசாவுக்கு மனுப் போட்டாள். திருப்பிவிட்டார்கள். மறுபடி போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

ஆக, அக்காளும் தங்கையும் சந்திக்க மிஞ்சியிருந்த இடம் அந்தத் திரை ஒன்றுதான். அதிலும் ஒரு சிக்கல். கைபேசியில் போட்டிருந்த மாத டேட்டா கடைசி வாரத்தில் தீர்ந்துவிடும். பேச்சின் நடுவில் படம் நின்றுவிடும். ஸொஹ்ரா தன் வைத்தியத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்த நேரத்தில் ஒருநாள் அப்படி ஆகி, மொன்ஜியா கைபேசியை உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்ததை ரவ்தா கதவோரம் நின்று பார்த்தாள். வீட்டுக்கென்று ஒழுங்கான இணைய இணைப்பு ஒன்றை வாங்கியே தீர்வது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

அவள் அதைப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கிற சிரத்தையோடு செய்தாள். ஒரு வாரம் அக்கம்பக்கத்தில் விசாரித்தாள். கீழே மருந்துக்கடைக்காரர் சிம் போடுகிற பெட்டி ஒன்று வைத்திருந்தார். காலையில் பறக்கும், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் நகராது என்றார். கண்ணாடி இழைக் கம்பி மூன்றாவது கிலோமீட்டர் வரை வந்து நின்றிருந்தது. வசந்தத்துக்குள் உங்கள் பக்கம் வரும் என்று அந்த நிறுவனத்தில் சொன்னார்கள். போன வசந்தத்திலும் அதையேதான் சொன்னார்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். மூன்றாவது வழி, வீட்டுக்கு ஏற்கெனவே வந்திருந்த பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி. அதன் மேல் இணையம் விற்க நாலைந்து நிறுவனங்கள் இருந்தன.

பள்ளியில் கணினிப் பாடம் எடுக்கிற ஷெத்லியிடம் கேட்டாள். அவர் ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார். தொலைபேசி நிலையத்திலிருந்து கம்பி எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவுக்கு வேகம் குறையும், விளம்பரத்தில் போட்டிருக்கும் இருபதெல்லாம் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் என்றார். ரவ்தா சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு நிலையத்து வாசலிலிருந்து கம்பம் கம்பமாகப் பின்தொடர்ந்து வீடு வரை ஓட்டினாள். இரண்டு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர். ஷெத்லியின் கோட்டில் வைத்துப் பார்த்தால் பதின்மூன்று மெகா கிடைக்க வேண்டும். தாளின் மூலையில் 13 என்று எழுதி வட்டம் போட்டாள்.

கடையில் இருந்தவன் இருபத்தைந்து வயதுப் பையன், வாய்ப்பேச்சுக்காரன். பெயர் வஜ்தி என்று சட்டையில் குத்தியிருந்தான். வீட்டில் எத்தனை பேர், படம் பார்ப்பீர்களா, விளையாட்டு ஆடுவீர்களா என்று கேட்டான்.

"ரெண்டே பேர்தான். அம்மா ஃபிரான்ஸ்ல இருக்கிற பெரியம்மாகூட வீடியோல பேசுவாங்க. அதுக்குத்தான் முக்கியமா."

"அவ்ளோதானா மேடம்? அதுக்கு இதுவே தாராளம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கல்யாண வீடியோகூடப் பார்க்கலாம்."

காது கேட்காது என்பதை அவள் சொல்லவில்லை. அவனும் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கத் தோன்றுகிற கேள்வியா அது. ஒரு வருஷ ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரி பத்தாம் தேதி பெட்டியின் விளக்கு பச்சையாக எரிந்தது. வேகம் பார்க்கிற பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். முள் மேலே ஏறி நடுங்கி 13.8 இல் நின்றது. தான் போட்ட கணக்கு சரியாக வந்ததில் அவளுக்கு உண்டான சந்தோஷத்தை அளவிட முடியாது. அந்த எண்ணைப் படமெடுத்து ஷெத்லிக்கு அனுப்பினாள். அதற்குக் கீழே சின்னதாக, சாம்பல் நிறத்தில் இன்னோர் எண்ணும் இருந்தது. 0.4. அவள் அதைப் பார்க்காமல் இல்லை. விடைத்தாளின் அடியில் அச்சகத்தின் பெயர் போட்டிருக்குமே, அதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அன்று மூன்று மணிக்கு வீட்டு மடிக்கணினியில் பெரியம்மாவின் முகம் கண்ணாடியில் பார்ப்பதுபோல வந்தது. தாடையிலிருந்த மச்சம் தெரிந்தது. மூக்கின் கீழே ஒட்டியிருந்த பிராணவாயுக் குழாய் தெரிந்தது. மொன்ஜியா திரையில் அக்காவின் கன்னத்தை விரலால் தொட்டாள். மூலையில் சின்னக் கட்டத்தில் மொன்ஜியாவின் சொந்த முகமும் கையும் அதே தெளிவோடு தெரிந்தன. ரவ்தா அதையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டுத் திருப்தியாகச் சமையலறைக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து மொன்ஜியா மகளிடம் ஒரு குறை சொன்னாள். அக்கா சொன்னதையே திரும்பக் கேட்கிறாள். சிலசமயம் கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறாள். மருந்தின் மயக்கமாக இருக்கும் என்றாள் ரவ்தா.

இன்னும் ஒரு வாரம் போனது. ஒருநாள் ரவ்தா பள்ளிவிட்டு வந்தபோது அம்மா அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன.

"எங்கப்பாவோட ரொட்டிச் சட்டியில பூனை விழுந்துச்சே, அந்தக் கதையைச் சொன்னேன்," என்று அம்மா கையால் சொன்னாள். "அறுபது வருஷமா அதுக்குச் சிரிச்சவ. இன்னைக்குச் சும்மா தலையாட்டுறா. நான் அழுதாலும் தலையாட்டுறா."

"உடம்புக்கு முடியலைம்மா. களைப்பா இருப்பாங்க."

"இல்ல. மறந்துட்டா. எங்க பேச்சையே மறந்துட்டா." மறுபடி கையைத் தூக்கினாள். "பழைய மாதிரி போன்ல பேசினப்ப நல்லாப் புரிஞ்சுது அவளுக்கு. இந்தப் பெட்டி வந்ததுக்கு அப்புறம்தான் இப்படி."

ரவ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு எப்போதுமே புதிய பண்டம் எதுவும் ஆகாது. துணி துவைக்கிற இயந்திரம் வந்தபோதும் சட்டை தேய்கிறது என்றாள். ரவ்தா வேகப் பக்கத்தைத் திறந்து அம்மாவுக்குக் காட்டினாள். "முன்னாடி போன்ல அஞ்சுதான் வந்துச்சு. இப்போ பதிமூணு. ரெண்டு மடங்குக்கும் மேலம்மா. நீ அவங்களைத் தெளிவாப் பார்க்கிறேதானே?"

தெளிவாகத்தான் பார்க்கிறேன் என்று மொன்ஜியா ஒப்புக்கொண்டாள். எண் தெரிந்த மகளிடம் அவளால் வேறென்ன வாதாட முடியும். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அக்கா தன்னை மறந்துகொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டாள். மூன்று மணி ஆனதும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு உட்காருவாள். முன்பெல்லாம் பறந்த கைகள், இப்போது ரவ்தாவிடம் பேசுவதுபோல, நிறுத்தி நிதானமாக, சின்னச் சின்ன வார்த்தைகளாகப் பேசின. சாப்பிட்டியா. வலிக்குதா. தூங்கு. அப்படிப் பேசியும் எதிர்ப்பக்கம் ஒரு தலையாட்டல்தான் வந்தது.

மார்ச் மத்தியில் ஸொஹ்ராவை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார்கள். இருபத்திநாலாம் தேதி பிற்பகல் ரவ்தா பள்ளியில் ஆசிரியர் அறையில் இருந்தபோது செல்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது. உங்கள் அம்மா இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று கீழே எழுதியிருந்தாள். பெரியம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மேசைமேல் பலகைக் கணினி நிற்கிறது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோது செல்மா பின்னால் நின்று எடுத்த படம்.

ரவ்தா பெரியம்மாவின் மெலிந்த தோளைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு பலகைக் கணினியின் திரையில் தெரிந்த தன் வீட்டு நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தது அம்மா என்று அவளுக்குத் தெரியும் என்பதால்தான் அடையாளம் தெரிந்தது. முகம் சதுரம் சதுரமாகக் கலைந்திருந்தது. கைகள் இருக்க வேண்டிய இடத்தில் மண்நிறத்தில் இரண்டு புகைத்திட்டுகள் இருந்தன.

செல்மாவை அழைத்து, இது படம் எடுத்த கோளாறா என்று கேட்டாள்.

"இல்லையே, எப்பவும் இப்படித்தானே வருது," என்றாள் செல்மா. "சில நாள் அப்படியே உறைஞ்சு நின்னுடும். உங்க ஊர் லைன் அப்படித்தான் போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஏன், உங்களுக்கும் இப்படித்தானே தெரியுது?"

எதிர் மேசையில் ஷெத்லி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ரவ்தா அவர் முன்னால் கைபேசியை வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நாம அனுப்புற பக்கம்தான் பிரச்சினை. இறங்குற வேகம் உனக்கு நல்லாத்தான் இருக்கு. ஏறுற வேகம் எவ்ளோ?"

அவள் போனமாதம் அவருக்கே அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தாள். சாம்பல் நிற எண்ணை அவர் விரலால் பெரிதாக்கினார்.

"அரைகூட இல்ல. செம்புக் கம்பியில அப்படித்தான், வர்றதுக்கு அகலமா வழி விட்டுட்டு, போறதுக்கு ஒரு சந்துதான் விடுவாங்க. இருந்தாலும் சாதாரணமாப் பேசுறதுக்கு இது போதும், ரவ்தா. படம் கொஞ்சம் கலங்கும், குரல் ஒழுங்காப் போய்ச் சேர்ந்துடும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "குரல் போய்ச் சேருதுதானே?"

"எங்கம்மாவுக்குக் குரல் இல்ல சார்," என்றாள் ரவ்தா. "கையாலதான் பேசுவாங்க."

ஷெத்லி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை. அடுத்த வகுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காரை எடுத்தாள். வழியெல்லாம் நாளை எண்ணினாள். பிப்ரவரி பத்திலிருந்து மார்ச் இருபத்திநாலு வரை. நாற்பத்திரண்டு நாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். பழைய கைபேசியில் டேட்டாவைப் போட்டு அளந்தாள். இறங்கும் வேகம் ஆறு. ஏறும் வேகம் நாலு. பத்து மடங்கு. நாற்பத்திரண்டு நாளும் அது அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

அம்மாவிடம் அப்போது எதையும் விளக்கவில்லை. இன்றைக்கு இன்னொரு முறை பேசலாம் வா என்று மட்டும் சொன்னாள். செல்மா மருத்துவமனையில்தான் இருந்தாள். திரை விழித்தது. பெரியம்மா தலையணையில் கிடந்தாள். மூன்று மணிக்கும் இப்போதைக்கும் நடுவில் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு முகமூடி மாட்டியிருந்தார்கள். இரண்டு கைகளிலும் ஊசிகள் குத்திப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள்.

மொன்ஜியா வழக்கம்போல நிறுத்தி நிதானமாக ஆரம்பித்தாள். இரண்டாவது வார்த்தையிலேயே ஸொஹ்ராவின் கண்கள் விரிந்தன. ரவ்தா அதைப் பார்த்தாள். மொன்ஜியாவும் பார்த்தாள். ஸொஹ்ராவின் பார்வை தங்கையின் முகத்துக்கும் கைக்கும் கைக்கும் முகத்துக்குமாக ஓடியது. கட்டுப்போட்ட கையைத் தூக்கப் பார்த்தாள். அது போர்வையை விட்டு ஒரு சாண்கூட எழவில்லை. செல்மா அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். இரண்டு விரல்கள் அசைந்தன. என்ன சொல்கிறாள் என்று மொன்ஜியாவுக்கும் புரியவில்லை.

ஆனால் புரிகிறது, அக்காவுக்குப் புரிகிறது என்பது தெரிந்துபோயிற்று. மொன்ஜியாவின் கைகள் வேகம் பிடித்தன. ரவ்தாவுக்கு எட்டாத வார்த்தைகளுக்கெல்லாம் போயின. பூனை விழுந்த கதையை மறுபடி சொன்னாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. முகமூடிக்குள் ஸொஹ்ராவின் கன்னம் மேலே ஏறியது. கண்ணோரத்தில் நீர் வழிந்தது. இருபது நிமிஷம் கழித்துச் செவிலி வந்து போதும் என்றாள்.

அதற்குப் பிறகு செல்மா ரவ்தாவைத் தனியாக அழைத்தாள். பெரியம்மா ஒரு மாதத்துக்கு மேலாகத் தன் கண்ணைத் தொட்டுக்காட்டித் தலையசைத்துக்கொண்டே இருந்தாளாம். கண் மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம். பார்வை சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னதைச் சைகையில் காட்டியபோது பெரியம்மா நம்பவில்லையாம்.

"தங்கச்சிகிட்ட சொல்லாதேன்னு என்கிட்ட சைகை காட்டுவாங்க," என்றாள் செல்மா. "கண்ணைத் தொட்டு, உங்க வீட்டுப் பக்கம் காட்டி, வாயில விரலை வைப்பாங்க. கட்டி கண்ணுக்கும் ஏறிடுச்சுன்னு நினைச்சிருக்காங்க போல. அது தெரிஞ்சா உங்கம்மா உடைஞ்சுபோயிடுவாங்கன்னு."

இரண்டாம் நாள் விடிகாலை ஸொஹ்ரா இறந்துபோனாள்.

சவப்பெட்டி விமானத்தில் வந்தது. அங்கேயே அடைத்து முத்திரை வைத்திருந்தார்கள். திறக்கக் கூடாது என்றார்கள். மொன்ஜியா பலகையின் மேல் கையை வைத்து, அக்காவின் கை எந்தப் பக்கம் இருக்கும் என்று ரவ்தாவிடம் கேட்டாள். ரவ்தா தெரியாது என்றாள். ஆண்கள் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார்கள். மூன்று நாள் வீடு நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மொன்ஜியாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். கையைப் பிடித்துக்கொண்டால் அவள் பதில் பேச முடியாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரவ்தாவுக்கு அந்த மூன்று நாளும் ஒரே யோசனைதான். சொல்லாமல் விட்டுவிடலாம். கடைசி நாளில் கடவுள் கிருபையால் அக்காவுக்குத் தெளிவு வந்தது என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறாள். வந்த பெண்களிடமெல்லாம் அதைத்தான் கையால் காட்டினாள். அந்த நம்பிக்கையை ஏன் கலைக்க வேண்டும்? ஆனால் அந்த நம்பிக்கைக்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது. கடைசி நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் அக்கா தன்னை மறந்திருந்தாள் என்பது. தன் தப்பை மறைப்பதற்காக அதை அம்மாவின் தலையில் ஆயுள் முழுக்கச் சுமத்த ரவ்தாவுக்கு மனம் வரவில்லை.

நாலாம் நாள் மதியம், கடைசி உறவுக்காரியும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு, அம்மாவை எதிரே உட்காரவைத்தாள். தெரிந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு சொன்னாள். தெரியாத இடத்தில் தாளில் படம் போட்டாள். ஃபிரான்சிலிருந்து நம் வீட்டுக்கு வருகிற அகலமான கோடு. நம் வீட்டிலிருந்து போகிற மெல்லிய கோடு.

"நீ அவங்களைப் பார்த்தே. அவங்களால உன் கையைப் பார்க்க முடியலை. பெரியம்மா எதையும் மறக்கலைம்மா. அந்தப் பெட்டிதான். நான் வாங்கின பெட்டி."

மொன்ஜியா தாளைப் பார்த்தாள். எத்தனை நாள் என்று கேட்டாள்.

"நாப்பத்திரெண்டு."

"நான் சொன்னேன். பழைய போன்ல புரிஞ்சுதுன்னு நான் உன்கிட்ட சொன்னேன்."

"சொன்னே."

"நீ எனக்கு ஒரு நம்பரைக் காட்டினே."

மொன்ஜியா எழுந்து தன் அறைக்குப் போனாள். அன்றிலிருந்து மகளைப் பார்க்கவில்லை. வீட்டில் நடமாடினாள், சமைத்தாள், இரண்டு தட்டில் பரிமாறினாள். முகத்தை மட்டும் ரவ்தாவின் பக்கம் திருப்பவில்லை. காது கேட்கிறவர்கள் கோபத்தில் பேசாமல் இருந்தாலும் எதிராளியின் குரல் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். பார்க்காமல் இருப்பவளிடம் மன்னிப்புக் கேட்கக்கூட ரவ்தாவுக்கு வழியில்லாமல் போயிற்று. எதிரே போய் நின்றால் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த நாட்களில் ஒருநாள் ரவ்தா இணையப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். வஜ்தி பதறிப்போய், ஒரு வருஷ ஒப்பந்தமாச்சே, என்ன குறை, வேகம் போதவில்லையா என்று விசாரித்தான். விலகுவதற்கான காரணம் என்று ஒரு தாளில் கட்டங்கள் இருந்தன. வீடு மாற்றம், விலை, வேகம், மற்றவை. அவன் பேரில் கோபப்படத்தான் அவள் போயிருந்தாள். அவன் நெற்றியில் வியர்வையோடு அம்மா நலமா என்று கேட்டதும் கோபம் எங்கோ போய்விட்டது.

"இனிமே வீடியோக்குன்னு யாராவது கேட்டா," என்றாள், "வாயால பேசுறதா, கையால பேசுறதான்னு ஒரு வார்த்தை கேளு. ஏறுற வேகத்தையும் சொல்லு."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. சரி மேடம் என்று தலையாட்டினான். அவள் எந்தக் கட்டத்திலும் குறி போடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அம்மா முகம் திருப்பிய பதினோராம் நாள் காலை. ரவ்தா பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு விரல் பட்டது. திரும்பினாள். அம்மா நேராக அவள் முகத்தைப் பார்த்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"செல்மா அனுப்பின படத்தைக் காட்டு."

ரவ்தா வேண்டாம் என்றாள். அம்மா கையை நீட்டிக்கொண்டே நின்றாள். ரவ்தா கைபேசியில் படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

மொன்ஜியா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். திரைக்குள் இருந்த திரையை விரல்களால் விரித்துப் பெரிதாக்கினாள். கலைந்த சதுரங்களையும் இரண்டு புகைத்திட்டுகளையும் வெகுநேரம் பார்த்தாள். அது தன்னுடைய முகம்தானா என்று கேட்டாள். ரவ்தா ஆமாம் என்றாள். இதுவா கை என்று கேட்டாள். ஆமாம்.

கைபேசியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விடுவித்துக்கொண்டாள்.

"இதையா தினமும் பார்த்தா?"

ரவ்தா தலையாட்டினாள்.

"ஒண்ணும் புரியாம, ஒரு நாள் விடாம, மூணு மணிக்கு வந்து உட்கார்ந்தாளா? தலையைத் தலையை ஆட்டினாளே, எனக்காகவா?"

ரவ்தா பதில் சொல்லத் தொடங்கினாள். அம்மா அதற்குக் காத்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கைபேசியில் இருந்த அந்த மெலிந்த தோளைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவே விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி ஏதோ ஒன்றைச் சொன்னாள். ரவ்தா அந்த வார்த்தையை முன்னே பார்த்ததில்லை. அம்மா அதையே மூன்று நான்கு முறை சொன்னாள். கைகள் வேகமாக, சின்ன வயதில் பார்த்தாளே அந்த வேகத்தில் போயின. பிறகு நின்றுவிட்டன.

அதற்கு என்ன அர்த்தம் என்று ரவ்தா அம்மாவின் தோளைத் தொட்டுக் கேட்டாள்.

மொன்ஜியா மகளைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு தலையை மெதுவாக இல்லை என்று ஆட்டிவிட்டு, பள்ளிக்கு நேரமாகிறது பார் என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள்.